அந்திச் சோதனைப் படம்

எனக்குக் கை முந்தும், வாய் அப்புறம்தான் வரும். அப்பாவிடமிருந்து வந்த சொத்து அது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், சேலத்திலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வந்து, குவார்ட்டர்ஸில் எங்கள் மூன்று பேரையும் பெல்ட்டால் அடித்தே வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் பல்லை நான் உடைத்துவிட்டு வந்த அன்றைக்கு மட்டும் அவர் என்னை அடிக்கவில்லை, சிரித்தார். கல்யாணம் செய்துகொள்ளாததற்கு ஊருக்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன். பெற்ற பிள்ளையை அடித்துவிடுவேனோ என்ற பயம்தான் நிஜமான காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும், "அந்த நேரத்துப் பதற்றம், யாரா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க" என்று ஆறுதல் சொல்கிறார்கள். யாராக இருந்தாலும் செய்திருக்க மாட்டார்கள். நான் செய்தேன்.

என் வேலை வானத்தைப் பார்ப்பது. நட்சத்திரம் பார்ப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது வேறு. மேகமெல்லாம் முடிந்து, விமானம் பறக்கிற உயரமும் முடிந்து, அதற்கும் மேலே இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் மின்னேற்றம் பெற்ற மெல்லிய காற்று ஓர் அடுக்காக நிற்கிறது. சூரியன் சீறினால் அடி வாங்குவது அந்த அடுக்கு. துருவத்துப் பக்கம் அந்த அடி பச்சையும் சிவப்புமாகக் கண்ணுக்கே தெரியும். துருவ ஒளி என்று எல்லாரும் போனில் அனுப்பிக்கொள்கிறார்களே, அதுதான். மைசூரில் அது தெரியாது. ஆனால் இங்கேயும் ராத்திரியில் அந்த அடுக்கு, கண்ணுக்கு எட்டாத மங்கலில் சிவந்துதான் இருக்கும். வடக்கே விழுந்த அடி இங்கே வரைக்கும் வந்து அதை உலுக்கும். அடுக்கு மேலே ஏறும், கிழியும், பெரிய பெரிய ஓட்டைகள் விழுந்து மேற்கிலிருந்து கிழக்கே நகரும். அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் நிலையம் நஞ்சன்கூடு ரோட்டிலிருந்து உள்ளே போனால் வருகிற மேட்டு நிலத்தில் இருந்தது. முள்கம்பி வேலிக்குள் வரிசை வரிசையாக ஆன்டெனா கம்பங்கள், அதுதான் ரேடார். ரேடியோ அலையை மேலே அனுப்பி, அந்த அடுக்கில் மோதித் திரும்பி வருவதைக் கேட்கும். நடுவில் ஓர் அறை. அறையின் கூரையில் ஒரு கேமரா. வானம் முழுவதையும் ஒரே வட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுகிற லென்ஸ் என்பதால், வட்டத்தின் விளிம்பில் வேலி, கம்பம், பக்கத்து வயல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விழும். சூரியன் மறைந்ததும் அதன் மூடி தானாகவே திறந்துகொள்ளும். முழு இருட்டு வருவதற்கு முன்னால், லென்ஸில் தூசி படிந்திருக்கிறதா என்று சரிபார்க்க, வெளுத்த அந்தி வானத்தைச் சில நொடிக்கு ஒன்றாகப் படம் எடுத்துக்கொள்ளும். சோதனைப் படம் என்போம். அதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை நானே மொத்தமாக அழித்துவிடுவேன்.

எங்களுக்கு ஒரே எதிரி மேகம். மேகம் வந்தால் கேமரா குருடு. எங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே "நல்ல வானம்", "கெட்ட வானம்" என்று எழுதுவது வழக்கம். மழை பெய்தால் அன்று கெட்ட வானம். இருபத்தெட்டு வருஷம் அப்படி எழுதி எழுதி, மழை வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். குடை பிடித்துக்கொண்டு மழையைத் திட்டுகிற ஒரே ஆள் நீங்கதான் மேடம் என்று டெக்னீஷியன் சிரிப்பான்.

வேலிக்கு அந்தப் பக்கம் செண்டுமல்லித் தோட்டம். கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அதைக் குத்தகைக்கு எடுத்துப் பூ வைத்திருந்தார்கள். சுற்றுவட்டாரம் முழுக்கக் கன்னடம், எங்களுக்குள் தமிழ். அதனாலேயே ஒட்டிக்கொண்டோம். அவர் என்னை மேடம் என்பார், அவள் அக்கா என்பாள். அவர்கள் வீட்டு மோர் என் மேஜைக்கு வரும். எங்கள் அறையின் குளிர்ந்த தண்ணீர் கேன் அவர்கள் தோட்டத்துக்குப் போகும். வேலியில் ஓர் இடத்தில் கம்பியை வளைத்து வழி பண்ணியிருந்தோம். அந்த வழி விதிப்படி தப்பு, போட்டதே நான்தான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆடியில் பெய்ய வேண்டியது பெய்யவில்லை, ஆவணியில் தூறலோடு போயிற்று. கிணறு தரை தட்டியது. தசராவுக்கென்று வைத்த பூ பாதி கருகி, மீதிதான் சந்தைக்குப் போனது. எனக்கோ வரிசையாக நல்ல வானம். நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

மைசூரில் ஆயுத பூஜை என்றால் ஸ்பேனருக்குக்கூடக் குங்குமம் வைப்பார்கள். நாங்களும் ரேடார் பெட்டி, கேமரா, ஜெனரேட்டர், என் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் மாலை போட்டோம். எல்லாம் அவள் தோட்டத்துச் செண்டுமல்லி. காசு வாங்க மாட்டேன் என்று கூடை நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று பூஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனிக்கால அவதானிப்பு தொடங்கும் முன் வெள்ளைப் பூசணி உடைத்து வேண்டிக்கொள்வது எங்கள் நிலையத்தில் பழக்கம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. பூசணியைத் தலைக்கு மேலே தூக்கி, சாமுண்டி மலை இருக்கிற திசையைப் பார்த்துச் சத்தமாகவே வேண்டினேன். "இன்னும் நாலு மாசத்துக்கு ஒரு பொட்டு மேகம் இந்தப் பக்கம் வரக்கூடாது தாயே." ஓங்கித் தரையில் அடித்தேன். உள்ளே கொட்டியிருந்த குங்குமம் நாலா பக்கமும் சிதறியது. எனக்கு எப்போதும் பிடித்த காரியம் அது.

"மேகம் வரக்கூடாதுன்னாங்க்கா வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா, எங்க தொழில் அப்படி."

"நாங்க வரோணும்னு வேண்டிக்கிட்டு இருக்கறமுங்க்கா."

"யார் வேண்டுதல் பலிக்குதுன்னு பாத்துடலாம்" என்றேன். டெக்னீஷியன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து, சூரியனில் பெரிய வெடிப்பு என்று செய்தி வந்தது. வெடித்ததில் கிளம்பிய மின்துகள் கூட்டம் பூமிக்கு நேராக வந்துகொண்டிருக்கிறது, மறுநாள் சாயங்காலம் வந்து மோதும் என்றார்கள். அந்த அளவுச் சூரியப் புயலை என் ஆயுளில் நான் பதிவு செய்ததில்லை. முன்பு ஒருமுறை வந்தபோது ரேடார் பழுது, இன்னொரு முறை வந்தபோது மூன்று நாள் அடைமழை. எனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம்தான் இருந்தது. இதை விட்டால் இல்லை. டெக்னீஷியனுக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு மேகம் ஏறியது. வாரக்கணக்கில் காணாத மேகம், கன்னங்கரேலென்று கிழக்கே எழும்பி எங்கள் தலைக்கு மேலேயே வந்து நின்றது. பக்கத்து வயல்களில் ஆட்கள் வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஜெனரேட்டரை ஓட்டச் சொன்னேன். அது போடுகிற சத்தம் அரை மைலுக்குக் கேட்கும். ரேடாரை முன்கூட்டியே போட்டுப் பார்த்தோம், கம்பத்து உச்சியில் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. நான் களத்தின் நடுவில் நின்றுகொண்டு, மேகத்தைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டித் திட்டினேன். தொலை, போ, எங்கேயாவது போய்ச் சாவு என்று கத்தினேன். மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. நாலு மணிக்கு ஒரு துளி விழாமல் மேகம் மொத்தமும் கலைந்துபோனது.

ரேடியோ அலைக்கும் மேகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் அலை மேகத்தைக் கண்டுகொள்ளாமலே அதைக் கடந்து மேலே போய்விடும். இதை நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒருநாளும் விளக்கியதில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: மேகம் வந்தது, மெஷின் ஓடியது, அந்தப் பொம்பளை கை நீட்டி விரட்டினாள், மேகம் போய்விட்டது. பூசணி உடைத்து வேண்டிக்கொண்ட கதையும் அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. அந்தப் பகுதி பொய்யும் இல்லை.

சூரியன் விழுகிற நேரத்துக்கு வந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும். கடப்பாரை, மண்வெட்டிக் காம்பு, பை நிறையக் கல். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான், அப்புறம் அவனைக் காணவே இல்லை. "மளெ கள்ளரு! மளெ கள்ளரு!" என்று கத்திக்கொண்டே கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். மழைத் திருடர்களாம் நாங்கள். கேட் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. டெக்னீஷியன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "கேளி, ஸ்வல்ப கேளி" என்று, கொஞ்சம் கேளுங்கள் எனக் கெஞ்சிக்கொண்டே முன்னால் போனான். காம்பால் வாயிலேயே ஒரு போடு. அவன் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினான், அதோடு ஒரு பல்லும் வந்தது.

அந்த நொடியில்தான் கூரைமேல் கேமராவின் மூடி கிர்ரென்று தானாகத் திறந்தது. எல்லாரும் ஒரு கணம் நின்றார்கள், இரண்டு பேர் பின்வாங்கக்கூடச் செய்தார்கள். பிறகு பயந்ததற்கும் சேர்த்து அடித்தார்கள். ஜன்னல் முழுக்க உடைந்தது. மாலை காய்ந்து நாரோடு நின்ற என் ஸ்கூட்டருக்குத் தீ வைத்தார்கள். ஆன்டெனா கம்பங்களின் இழுகம்பிகளை வெட்ட வெட்ட, ஒவ்வொரு கம்பமும் முனகிக்கொண்டு சாய்ந்தது. அலுமினியக் கைகள் மடங்கின, முறிந்தன. இருபத்தெட்டு வருஷம். ஒவ்வொரு கம்பத்தையும் ஆள் வைத்து நிமிர்த்தி, நானே ஏறி முறுக்கியவை. அறைக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். நான் வெளியே வந்தேன்.

காலடியில் கம்பத்திலிருந்து முறிந்த அலுமினியக் குழாய் ஒன்று கிடந்தது. ஓர் ஆள் நீளம், முனை கிழிந்து தகரம்போல நின்றது. எடுத்துச் சுழற்றினேன். ஒருவன் தோளில் பட்டது, இன்னொருவனுக்கு முழங்காலில். "ஹொடீ அவளன்ன" என்று என்னை அடிக்கச் சொல்லி ஒருவன் கை காட்டினான். அடிங்கடா, வாங்கடா என்று தமிழில் கத்தினேன். எனக்குப் பயமே இல்லை. உண்மையைச் சொன்னால் உடம்பெல்லாம் ஒரு சுகம் ஓடியது. அப்பா அன்றைக்கு ஏன் சிரித்தார் என்று தெரிந்தது.

அறையின் பின்பக்கம் யாரோ கேபிளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிற கேபிள். அது போனால் கேமராவும் போகும், புயலில் எனக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. ஓடினேன். என் சத்தம் கேட்டுக் கேபிளைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். பூத் தோட்டக்காரர். இரண்டு கையையும் மேலே தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"நானுங்க மேடம், நானு."

நான் அடித்தேன்.

கிழிந்த முனை அவருடைய வலது கண்ணில் ஏறி இறங்கியது. அவர் கத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்தார், விரலிடுக்கில் ரத்தம் வந்தது. அதைப் பார்த்த யாரோ "கண்ணு ஹோய்த்து", கண் போச்சு என்று அலறினார்கள். கூட்டம் பிரிந்து ஓடியது. நான் நின்ற இடத்தில் நின்றேன். போலீஸ் ஜீப் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. வாய் வீங்கிய டெக்னீஷியன்தான் அவரைத் தாங்கி ஏற்றி, கூடவே ஏறிக்கொண்டு போனான். நான் ஏறவில்லை. தளர்ந்திருந்த கேபிளை அழுத்திச் சொருகி, கம்ப்யூட்டரைத் தட்டி, கேமரா ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது.

அன்றிரவு புயல் வந்து மோதியது. லடாக்கில் வானம் ரத்தச் சிவப்பாகத் தெரிந்ததாக மறுநாள் பேப்பரில் போட்டார்கள். உடைந்த கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, என் திரையில் அதன் வாலைப் பார்த்தேன். அடுக்கு தாறுமாறாகக் கிழிந்து, கறுப்புக் கறுப்பாக ஓட்டைகள் விழுந்து, வழக்கமான திசைக்கு எதிராக மேற்கே ஓடின. இப்படி நான் பார்த்ததே இல்லை. விடிந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து "நல்ல வானம்" என்று எழுதினேன்.

ஆஸ்பத்திரிக்கு மறுநாள் மத்தியானம்தான் போனேன். தலை முழுக்கக் கட்டு, ஒரு கண் மட்டும் வெளியே. பெண்டாட்டி மாத்திரை வாங்கப் போயிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மெதுவாகச் சொன்னார்.

"கல்லு பட்டுப்போச்சுன்னு சொல்லிப்போட்டனுங்க மேடம். சும்மா வேடிக்கை பாக்க ரோட்டுல நின்னேன், எவனோ எறிஞ்சது பட்டுதுன்னு. உள்ள வந்தேன்னு சொன்னா என்னையும் கேஸ்ல சேத்துருவாங்க. நீங்களும் கல்லுன்னே சொல்லீருங்க."

"வீட்ல?"

"அவகிட்டயும் அப்படித்தானுங்க."

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வெட்கம் இல்லை, பச்சையான நிம்மதி. "சரி" என்றேன். வெளியே வந்து மூச்சு விட்டேன். போலீஸ் வாக்குமூலத்தில், இருட்டிவிட்டது, கல்வீச்சு நடந்தது, அவருக்குக் கல் பட்டது, யார் எறிந்தது தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி படித்துவிட்டு, நிலையத்துக்கு ஒரு தொல்லையும் வராமல் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். கண் திரும்பாது என்று டாக்டர் சொன்னது பத்து நாள் கழித்து.

மூன்று மாதம் அப்படியே ஓடியது. நிலையத்தை மூடி என்னை ஊருக்குள் இருக்கும் ஆபீசில் உட்கார வைத்தார்கள். அந்தப் புயலின் படங்களுக்கு நல்ல பெயர் வந்தது. பல ஊர் ஆட்கள் வந்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். புடவை கட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். கைதட்டினார்கள். படங்களை வரிசையாக ஓடவிட்டபோது, ஒழுங்காக வெட்டாததால், முன்னால் இருந்த அந்திச் சோதனைப் படங்கள் சிலவும் சேர்ந்து ஓடின. அந்த மாதம் நான் எதையும் அழிக்கவில்லை, திறந்து பார்க்கவும் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கி, "வட்டத்தின் ஓரத்தில் கீழே ஏதோ தெரிந்ததே, அது என்ன?" என்று கேட்டார்.

"மரம்" என்றேன். அடுத்த படத்துக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸ் ஓரத்தில் எல்லாம் கொஞ்சம் வளைந்து தெரியும். அப்படி வளைந்துகூட, ஒரு பொம்பளை இரண்டு கையாலும் குழாயை ஓங்கியிருப்பது தெரிந்தது. எதிரே ஓர் ஆள், இரண்டு கையும் மேலே. மறைந்த சூரியனின் வெளிச்சம் இரண்டு முகத்திலும் இருந்தது. இருட்டிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தேனே, அது இருட்டே இல்லை. கையைத் தூக்கியது யாரென்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். தெரிந்தவன், என் தண்ணீரைக் குடித்தவன், இவனுமா என்ற ஆத்திரத்தில்தான் இன்னும் ஓங்கி அடித்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் போதும், மாதா மாதம் செய்கிற வேலைதான், படம் போய்விடும். யாரும் கேட்கப் போவதில்லை. ராத்திரி முழுக்க அந்தப் பட்டனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுந்து போய் இரண்டு பிரதி எடுத்தேன்.

அவர்கள் தோட்டத்தை விட்டுவிட்டு, மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் இருந்தார்கள். பூக்கடைக்கு மாலை கட்டிக் கொடுக்கிற வேலை. நான் போனபோது இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கை பூவை எடுக்கப் போய், பூவுக்கு அரை விரல் முன்னாலேயே மூடிக்கொண்டது. மறுபடி நீட்டித் தேடி எடுத்தார். ஒற்றைக் கண்ணால் தூரம் தெரியாது. அந்த அடுக்கின் உயரத்தைக் கணக்கிட நாங்களே இரண்டு இடத்திலிருந்து பார்ப்பது வழக்கம். வந்தது யாரென்று பார்க்க அவர் தலை முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது.

"வாங்க்கா" என்றாள். பாயைத் தட்டிப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"நீங்க அங்கதான இருந்தீங்க. எவன் கல்லு எறிஞ்சான்னு பாத்தீங்களாங்க்கா? இவரு தெரியாதுங்கறாரு. வானத்துல இருக்கறதயெல்லாம் பாக்கறீங்க, இத பாத்திருக்க மாட்டீங்களா?"

"மேடம், அதெல்லாம் எதுக்குங்க இப்ப" என்று அவர் அவசரமாகக் குறுக்கிட்டார். நாரும் பூவும் மடியிலிருந்து விழுந்தன. "பேசாம இருங்க மேடம்."

"கல் இல்ல" என்றேன். "நான்தான். குழாயால அடிச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று மாதமாக அவர் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை நான் ஒரு வாக்கியத்தில் உடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினேன். வட்டப் படத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண்டுபிடித்ததும் விரல் நின்றது.

"இது நீங்க."

"ஆமா."

"இது இவரு."

"ஆமா."

"கை ரெண்டும் மேல இருக்குதுங்களே."

தலையை ஆட்டினேன்.

"கை ரெண்டும் மேல இருக்குது" என்றாள் மறுபடி, இப்போது சத்தமாக. "அத பாத்துமா அடிச்சீங்க?"

"பாத்துதான் அடிச்சேன்."

அவள் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு முறையும் அறைந்தாள். என் கை தானாக மேலே வரப் பார்த்தது. வாழ்நாளில் முதல் முறையாக அதைப் பிடித்துக் கீழே வைத்தேன். "என் பூவ வாங்கித்தான வேண்டிக்கிட்டீங்க" என்றாள். அவள் விரலில் இருந்த செண்டுமல்லி இதழ் என் கன்னத்தில் ஒட்டியிருந்ததைத் துடைக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் எழுந்திருக்கப் பார்த்தார், அவள் உட்கார் என்று கையைக் காட்டினாள்.

படத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இத திருப்பிக் கேக்காதீங்க" என்றாள்.

கேட்கவில்லை. அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். முதலில் கொடுத்தது பொய் என்று எழுதி, இன்னொரு பிரதியையும் வைத்தேன். இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். வேலை போகும், கேஸ் உங்கள் மேலே திரும்பும், தெரியும் அல்லவா என்று கேட்டார். தெரியும் என்றேன். சரியாக எத்தனை மணிக்கு நடந்தது என்றார். படத்தின் மூலையில் நொடி வரைக்கும் இருக்கிறது என்றேன். அவர் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை நிறுத்தி, அந்த நேரத்தில் எதிரே நிற்பது யாரென்று முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்ததா என்று கேட்டார்.

இருந்தது என்றேன்.